சிங்கப்பூர் விமானப்படைத் தாத்தாவின் பிஸ்கட் டப்பா: மூன்று பதக்கங்களும் ஒரு வெறும் ரிப்பனும்

நங்கநல்லூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை, மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாய்வழித் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிச் சிங்கப்பூர் போனவர். 1953இல் அங்கிருந்த பிரிட்டிஷ் விமானப்படை உள்ளூர் ஆட்களைச் சேர்த்தபோது சிலேத்தார் தளத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்து, 1969இல் சிங்கப்பூரின் சொந்தப் படைக்கு மாறி, 1983இல் ஓய்வுபெற்றுச் சென்னைக்கு வந்துவிட்டார். சென்ற மாதம் பாட்டியின் பீரோவை ஒழுங்குபடுத்தியபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் மூன்று பதக்கங்களும், பதக்கம் இல்லாத ஒரு ரிப்பன் துண்டும், மடித்து வைத்த ஒரு சான்றிதழும் கிடைத்தன. இரண்டு பதக்கங்களின் ரிப்பன்கள் ஊதாவும் பச்சையுமாக ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரே பதக்கத்தை இரண்டு முறை கொடுத்தார்களா என்பது உங்கள் முதல் கேள்வி. அந்த வெறும் ரிப்பன் எதற்குரியது என்பது இரண்டாவது. "அவர் விமானம் ஓட்டவுமில்லை, சண்டை போடவுமில்லை, இதெல்லாம் சும்மா எல்லாருக்கும் கொடுத்தது" என்று உறவினர் ஒருவர் சொன்னது உங்கள் மனத்தைத் தைத்திருக்கிறது. அது சரிதானா என்பது மூன்றாவது. இவற்றை எப்படிப் பாதுகாப்பது என்பது கடைசி.

நான் தாம்பரத்தில் பயிற்சி பெற்று இந்திய விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்க்கும் தொழிலில், இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு சேலையூரில் குடியிருந்துகொண்டு, பழைய படைப்பதக்கங்களைப் படித்துச் சொல்வதை ஒரு கடமையாகவே செய்து வருகிறேன். உங்கள் தாத்தா செய்த வேலையை நானும் செய்திருக்கிறேன் என்பதால் இந்தப் பதிலில் சில இடங்களில் நான் நிதானமாக நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்பன்களிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு ரிப்பன் முழுவதும் ஊதாவாகவும் நடுவில் மட்டும் பச்சைக் கோடாகவும் இருக்கிறது. மற்றொன்றில் நடுப்பகுதி ஊதா, இரு ஓரங்களிலும் பச்சைக் கரை. வேட்டியில் கரை எங்கே ஓடுகிறது என்று பார்த்து இது இன்ன வகை என்று சொல்வோமே, அதைப் போலத்தான் இதுவும். நடுவில் பச்சை ஓடுவது, 1918 முதல் 1962 வரையிலான படை நடவடிக்கைகளுக்காகப் பிரிட்டன் வழங்கிய பொதுச் சேவைப் பதக்கம். ஓரங்களில் பச்சை ஓடுவது, அதற்குப் பின் வந்த 1962ஆம் ஆண்டுப் பொதுச் சேவைப் பதக்கம். பழையதன் உறவைக் காட்ட வேண்டும், ஆனால் இரண்டும் வேறு என்றும் தெரிய வேண்டும் என்பதற்காக, அதே இரண்டு நிறங்களை இடம் மாற்றி நெய்தார்கள். ஆகவே ஒரே பதக்கம் இரண்டு முறை வழங்கப்படவில்லை. இரண்டு வெவ்வேறு காலங்களில், இரண்டு வெவ்வேறு நெருக்கடிகளின்போது, அவர் பணியில் இருந்தார் என்பதற்கு இரண்டு தனித்தனிச் சாட்சிகள் உங்கள் கையில் இருக்கின்றன.

எந்த நெருக்கடி என்பதை ரிப்பனின்மேல் குறுக்கே மாட்டியிருக்கும் சிறிய உலோகப் பட்டை சொல்லும். கிளாஸ்ப் என்பார்கள். முதல் பதக்கத்தின் பட்டையில் மலாயா என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. இதைப் பார்த்ததும் பலர் ஜப்பானியர் படையெடுப்பையும் இரண்டாம் உலகப் போரையும் நினைத்துவிடுகிறார்கள், அது தவறு. இந்தப் பட்டை 1948 ஜூன் 16 தொடங்கி மலாயாவில் நடந்த அவசரகால நிலைக்குரியது. காட்டுக்குள்ளிருந்து போராடிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட மோதல் அது. மலாயாவில் பணியாற்றியோருக்கு 1960 ஜூலை 31 வரையும், சிங்கப்பூரில் பணியாற்றியோருக்கு 1959 ஜனவரி 31 வரையும் இந்தப் பட்டைக்குரிய காலம் கணக்கிடப்பட்டது. பதக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்: சிறகு விரித்து நிற்கும் வெற்றித் தேவதை ஒருத்தி, தரைப்படை, விமானப்படை ஆகிய இரண்டின் சின்னங்கள்மீது மலர்வளையம் வைப்பாள். கடற்படைக்கு அக்காலத்தில் தனிப் பதக்கம் இருந்ததால் அதன் சின்னம் இங்கே இல்லை. 1962இன் பதக்கம் முப்படைக்கும் பொதுவானது. அதன் பின்பக்கத்தில் ஓக் இலை வளையத்துக்குள் படைநடவடிக்கைச் சேவைக்காக என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களும் மேலே கிரீடமும் மட்டும் இருக்கும்.

அந்த இரண்டாவது பதக்கத்தின் பட்டையில் மலாய்த் தீபகற்பம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இது இந்தோனேசியா மலேசியக் கூட்டரசை எதிர்த்து நடத்திய மோதல் காலத்துக்குரியது. அதை அங்குள்ளவர்கள் கொன்ஃப்ரொந்தாசி என்பார்கள். பெரும்பகுதிச் சண்டை போர்னியோவின் எல்லைக் காடுகளில் நடந்தது. அதற்குத் தனிப் பட்டை உண்டு. 1964 ஆகஸ்டில் இந்தோனேசியப் படையினர் மலாய்த் தீபகற்பத்தின் கரையிலேயே வந்து இறங்கினார்கள். அதனால் 1964 ஆகஸ்ட் 17 முதல், இரு நாடுகளும் சமாதானம் செய்துகொண்ட 1966 ஆகஸ்ட் 11 வரை, தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர்களுக்கு இந்தப் பட்டை வழங்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள்தான் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து, 1965 ஆகஸ்ட் 9இல் தனி நாடானது. உங்கள் தாத்தா ஒரே தளத்தில், ஒரே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருக்க, அவர் நின்ற மண் பிரிட்டிஷ் காலனி, மலேசியாவின் ஒரு மாநிலம், தனி நாடு என மூன்று நிலைகளைக் கடந்துவிட்டது.

அடுத்து, நீங்கள் இன்னும் பார்க்காத ஓர் இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன்: பதக்கத்தின் விளிம்பு. நாணயத்தின் ஓரம்போல இருக்கும் அந்த மெல்லிய சுற்றில், பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கங்களில் பெற்றவரின் எண், பதவி, முதலெழுத்து, பெயர், கடைசியில் படையின் பெயர்ச் சுருக்கம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரவில் மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி பதக்கத்தை நெட்டுக்குத்தாகப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் எழுத்துகள் சாய்வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். கைப்பேசியில் நான்கைந்து படங்களாகச் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விளிம்புகளிலும் உள்ள பதவியை ஒப்பிட்டால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எவ்வளவு உயர்ந்தார் என்பது தெரிந்துவிடும். முதலாவதில் எல்.ஏ.சி. அல்லது எஸ்.ஏ.சி. என்ற கீழ்நிலைப் பதவிகளின் சுருக்கமும், இரண்டாவதில் அவற்றுக்கு மேலான கார்ப்பரல் அல்லது சார்ஜென்ட் என்பதும் இருந்தால், மேலதிகாரிகளின் நம்பிக்கையைப் பெற்று முன்னேறியவர் என்று பொருள்.

பெயரைப் பார்த்து மட்டும் குழம்பிவிடாதீர்கள். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை அந்த அலுவலகங்கள் ஏற்றுக்கொண்டதே இல்லை. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கி அதை முழுதாகவும், சொந்தப் பெயரை ஓரெழுத்தாகவும் பொறித்த பதக்கங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே மனிதரின் பெயர் இரண்டு பதக்கங்களில் இரண்டு எழுத்துக்கூட்டில் இருப்பதும் உண்டு. ஆனால் சேவை எண் மாறாது. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகத்திடம், இறந்தவரின் சேவைப் பதிவுகளை நெருங்கிய உறவினர் கேட்டுப் பெற வழி இருக்கிறது; அப்படி எழுதும்போது பெயரைவிட அந்த எண்ணே உங்களுக்கு உதவும்.

இதைச் சொல்லும்போது என் வீட்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். என் தந்தை தரைப்படையில் இருந்தவர். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முதல் நாள், குத்துவிளக்கோடும் சொம்போடும் சேர்த்து அவருடைய பதக்கங்களையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தேய்த்துக் கொடுத்தவன் நான். மரியாதை என்று நினைத்துச் செய்தோம். விளிம்பில் பெயர் இருக்கும் என்பதை நான் படையில் சேர்ந்து தெரிந்துகொண்டு விடுமுறையில் வந்து பார்த்தபோது, அவருடைய எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைத் தவிர மற்றதெல்லாம் வழவழப்பாகிப் போயிருந்தது. அந்த வழவழப்பை இப்போதும் என் விரல் நுனி அறியும்.

ஆகவே புளி வேண்டாம், வெள்ளிப் பாத்திரத்துக்குப் போடுவதுபோல விபூதி வேண்டாம், பற்பொடி, பற்பசை எதுவும் வேண்டாம். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். 1918 வகைப் பதக்கம் வெள்ளி. வெள்ளி கறுப்பது இயல்பு, அதனால் அதற்கு ஒரு கேடும் இல்லை. தேய்க்கும்போதுதான் எழுத்தும் முகமும் போகின்றன. மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மலிவான பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் பசைபோலக் கசிந்து உலோகத்தில் ஒட்டும். சென்னைக் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு என்பதால், அமிலம் கலக்காத தாளில் தனித்தனியாகச் சுற்றி, ஒரு சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். ரிப்பன் நைந்திருந்தாலும் புதிது வாங்கி மாற்றாதீர்கள். அந்த நூலைத் தைத்தது அவர் கையாகவே இருக்கக்கூடும்.

இப்போது உங்கள் உறவினர் சொன்னதற்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்லவே நான் எழுத உட்கார்ந்தேன்.

பதக்கங்களில் வீரதீரச் செயலுக்கு என்று தனி வகை உண்டு. அது ஒரு நாள், ஒரு மணி நேரம், சில நேரங்களில் ஒரு நிமிடத்தில் ஒருவர் செய்ததற்குக் கிடைப்பது. உங்களிடம் இருப்பவை அவை அல்ல. அப்படிச் சொல்லி உங்களை மகிழ்விக்க எனக்கு விருப்பமில்லை. இவை சேவைப் பதக்கங்கள். குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில், கட்டளைக்குட்பட்டு இருந்தார் என்பதற்கானவை. தகுதியுள்ள எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் "சும்மா" என்பது உண்மையல்ல.

1953இல் சிலேத்தாரில் என்ன இருந்தது என்று பாருங்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் புகழ்பெற்ற பழைய விமானங்கள் பலவற்றுக்கு அதுவே கடைசித் தளம். மலாயாக் காடுகளை மேலிருந்து படமெடுக்கும் ஒரு ஸ்பிட்ஃபயர், அந்த வகையின் கடைசிப் போர்ப்பணிப் பறத்தலை 1954 ஏப்ரல் 1இல் சிலேத்தாரிலிருந்துதான் நிகழ்த்தியது. அதே வேலையைச் செய்த மொஸ்கீட்டோவின் கடைசிப் போர்ப்பணியும் 1955 டிசம்பர் 15இல் அங்கிருந்தே நடந்தது. நீரில் இறங்கும் சண்டர்லேண்ட் விமானங்களும் 1959இல் அங்கேயே விடைபெற்றன. மொஸ்கீட்டோ மரத்தால் ஆனது. பால்சாக் கட்டையை நடுவில் வைத்து இருபுறமும் மெல்லிய ஒட்டுப்பலகையைப் பசையிட்டு ஒட்டிச் செய்த உடல். போர்க்காலத்தில் கிழக்கே வந்தபோது வெப்பத்திலும் ஈரத்திலும் பழைய வகைப் பசை பிடிப்பை இழந்து, இறக்கைகள் பிரிந்த கதையும் உண்டு. பின்னர் வேறு பசைக்கு மாறினார்கள். பசையை மாற்றிய பிறகும், நாள்தோறும் மழை பெய்யும் அந்தத் தீவில் மரவிமானத்தைப் பராமரிப்பவன் ஒவ்வொரு காலையும் இணைப்புகளை விரல் முட்டியால் தட்டி, ஓசையைக் கேட்டு, ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். என் தலைமுறையில் உலோகத்தைத் தட்டிப் பார்த்தோம், வேலை ஒன்றுதான். கேட்கத் தவறினால் மேலே போகிறவர் திரும்பி வரமாட்டார். அந்த ஆண்டில் அந்தத் தளத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர் கைபடாமல் இவை பறந்திருக்க வாய்ப்புக் குறைவு.

பிறகு வந்தது 1968. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கேயுள்ள தன் படைகளை 1971க்குள் திரும்பப் பெறப்போவதாக அந்த ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. சிங்கப்பூர் சுதந்திரமடைந்து மூன்றாண்டுகூட நிறையவில்லை. மக்கள்தொகை ஏறத்தாழ இருபது லட்சம். நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்தது. சொந்தமாக ஒரு விமானம்கூடக் கிடையாது. அந்த நிலையில் 1968 செப்டம்பர் 1இல் சிங்கப்பூர் வான்பாதுகாப்புக் கட்டளையகம் தொடங்கப்பட்டது. 1975 ஏப்ரலில் அது சிங்கப்பூர்க் குடியரசு விமானப்படை ஆயிற்று. அங்குள்ள தமிழர்கள் ஆகாயப் படை என்று சொல்வார்கள். முதலில் வந்தவை எட்டே எட்டு செஸ்னா 172 பயிற்சி விமானங்கள். அவை சிலேத்தாரிலிருந்து பறந்தன. பிறகு பதினாறு ஸ்ட்ரைக்மாஸ்டர் ஜெட் பயிற்சி விமானங்கள், 1970இல் ஹாக்கர் ஹண்டர் போர்விமானங்கள். ஹண்டர்கள் புதியவை அல்ல. பயன்படுத்தியவற்றைப் புதுப்பித்து வாங்கியவை.

புதிய நாடு பணம் கொடுத்து விமானம் வாங்கலாம். இளைஞர்களை அனுப்பி இரண்டு ஆண்டுகளில் விமானியாக்கலாம். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வெளியேறும் பிரிட்டிஷ் படையிடம் தொழில் கற்று, அங்கேயே குடும்பத்தோடு இருந்தவர்களே அந்தப் படைக்கு முதல் முதுகெலும்பு. தாத்தா 1969இல் மாறிவந்தார் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் படையில் இருந்தவன் அறிவான். அவருக்கு அப்போது வேறு வழிகளும் இருந்திருக்கும். உள்ளூரில் விமான நிறுவன வேலை கிடைத்திருக்கலாம், ஊருக்குத் திரும்பியிருக்கலாம். நாளைக்கு நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாத ஒரு படையின் தொடக்க ஆண்டுகளில் அவர் போய்ச் சேர்ந்தார்.

1972இல் சிங்கப்பூர் அமெரிக்கக் கடற்படை ஒதுக்கிவைத்திருந்த ஸ்கைஹாக் விமானங்கள் நாற்பதை வாங்கியது. பாலைவனத்தில் நிறுத்திவைத்திருந்த உடல்களை ஆணிவேரோடு பிரித்து, வயரிங்கை மாற்றி, பெரும்பகுதியைச் சிங்கப்பூரிலேயே மறுபடி கட்டினார்கள். இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம் தேவைப்பட்டபோது, மூக்குப் பகுதியை வெட்டி நீட்டி, இரண்டாவது இருக்கையைத் தனிக் கண்ணாடிக் கூண்டோடு முன்னால் சேர்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தனித்தனிக் கூண்டுகள் கொண்ட ஸ்கைஹாக்கை வேறெந்த நாட்டிலும் பார்க்க முடியாது. 1980களில் புதிய எஞ்சின் பொருத்தினார்கள். 1950களின் வடிவமைப்பில் பிறந்த அந்த விமானத்தைச் சிங்கப்பூர் விமானிகள் பிரான்ஸிலுள்ள பயிற்சித் தளத்தில் 2012 வரை ஓட்டினார்கள். நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பழைய விமானத்தின் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போகும்போது, ஓரிடத்தில் ஆணித்தலை ஒரு மயிரிழை உயர்ந்திருப்பது தட்டுப்படும். அந்த மயிரிழைக்குப் பின்னால் தகட்டில் வெடிப்பு இருக்கலாம். அதைத் தவறவிடாத விரல் உருவாகப் பத்து ஆண்டு ஆகும்.

இந்த இடத்தில் உங்கள் மூன்றாவது பதக்கம் பேசத் தொடங்குகிறது. சான்றிதழில் சிங்கப்பூர் ஆயுதப்படைகளின் நீண்டகாலச் சேவை மற்றும் நன்னடத்தைப் பதக்கம், 10 ஆண்டுகள் என்றும், 1979 என்றும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 1969இலிருந்து எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கிறது. சிங்கப்பூரில் 1967 முதல் இளைஞர்கள் அனைவருக்கும் தேசிய சேவை கட்டாயம். இரண்டு, இரண்டரை ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் புது முகங்கள் வரும். அவர்கள் கையில் முதல்முறை ஸ்பானரைக் கொடுத்து, எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று காட்டி, அவர்கள் பிழை செய்தால் அதைத் தன் கையெழுத்தின்கீழ் ஏற்றுச் சரிசெய்து, அவர்கள் போன பிறகும் விமானக் கொட்டகையான ஹேங்கரிலேயே இருப்பவர் நிரந்தரப் பணியாளர். பெரிய நாட்டில் ஒரு ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் பிரிவில், பத்துப் பேர் விலகினால் வேறு தளத்திலிருந்து பத்துப் பேரைக் கொண்டுவரலாம். எனக்கே அந்த அனுபவம் உண்டு. சிங்கப்பூரில் அன்று அப்படிக் கொண்டுவர வேறு பத்துப் பேர் எளிதில் கிடைக்கமாட்டார்கள். சண்டையே காணாத ஒரு சிறிய நாட்டின் படை தன் ஆட்களுக்கு நன்றி சொல்வதற்குக் கண்டுபிடித்த சொல், நீ போகாமல் இருந்தாய் என்பது. நம் இந்தியப் படைகளிலும் 9, 20, 30 ஆண்டுகளுக்கு நீண்டகாலச் சேவைப் பதக்கங்கள் உண்டு. அவற்றில் இரண்டு என்னிடமும் இருக்கின்றன. அவற்றை நான் தாழ்வாக நினைத்ததில்லை. ஆனால் உங்கள் தாத்தாவுடையது ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட படையில் பெற்றது அல்ல. படை உருவாகும்போதே கூட இருந்து பெற்றது.

நன்னடத்தை என்ற சொல்லையும் கவனியுங்கள். நாள்கள் ஓடிவிட்டால் தானாக வந்துவிடுவதல்ல இது. தண்டனைப் பதிவு, கடமை தவறியது, கருவி காணாமல் போனது என்று பதிவேட்டில் ஏறுபவை எல்லாம் பார்க்கப்படும். விமானத்துக்குள் ஒரு திருகாணி விழுந்து தேட மறந்தாலும் அது குற்றம்தான். பத்தாண்டு அந்தப் பதிவேடு சுத்தமாக இருந்தது என்று அரசு கையெழுத்திட்டுக் கொடுத்த தாள், உங்கள் கையில் இருக்கும் அந்தச் சான்றிதழ்.

இனி அந்த வெறும் ரிப்பன். கருநீலமும் கருஞ்சிவப்பும் சம அகலத்தில், இரு ஓரமும் வெள்ளை. இது பிரிட்டிஷ் விமானப்படையின் நீண்டகாலச் சேவை, நன்னடத்தைப் பதக்கத்துக்குரிய ரிப்பன். அந்தப் பதக்கம் 1919இல் ஏற்படுத்தப்பட்டது. 1977இல் தகுதிக்காலத்தைப் பதினைந்து ஆண்டாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பு பதினெட்டு ஆண்டுகள் வேண்டும். உங்கள் தாத்தா 1953இல் சேர்ந்தார். 1969 மார்ச்சுடன் பிரிட்டிஷ் விமானப்படை சிலேத்தாரை விட்டு வெளியேறியது. பதினாறு ஆண்டு. இரண்டு ஆண்டு குறைவு. அந்தக் குறைவு அவருடைய தவறால் நேர்ந்ததல்ல. ரிப்பனை அவர் ஏன் வைத்திருந்தார் என்பதை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

ஒரு வேண்டுகோள். இந்த ரிப்பனில் மாட்ட அதற்குரிய பதக்கத்தை எங்காவது வாங்கிச் சேர்த்துவிட வேண்டாம். தொகுப்பு நிறைவாக இருக்கும் என்று சொல்லி விற்பவர்கள் வருவார்கள். 1957 முதல் 1966 வரை அங்கே பணியாற்றிய காமன்வெல்த் படையினருக்காக மலேசியா பின்னாளில் ஏற்படுத்திய ஜாசா மலேசியா பதக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அவர் பெறாத எதையும் அவர் பெயரில் வைக்கக் கூடாது. மூன்று பதக்கமும் ஒரு வெறும் ரிப்பனுமாக இருக்கும் அந்தத் தொகுப்பே அவருடைய வாழ்க்கை, அப்படியே சட்டமிடுங்கள். சட்டம் போடும்போது பசை வைத்து ஒட்டாமல் நூலால் தைக்கச் சொல்லுங்கள். விளிம்பு மறைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் ஊதா சீக்கிரம் வெளுத்துவிடும். சௌகார்பேட்டையில் எடைபோட்டு வெள்ளி விலை தருகிறேன் என்பவரிடம் காட்டவே வேண்டாம். உருக்கிய பிறகு அந்த எண் உலகில் எங்கும் இருக்காது. மூவர் பேரப்பிள்ளைகள் இருக்கிறீர்கள், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிக்காதீர்கள். ஒருவர் வீட்டில் வைத்து, மற்ற இருவருக்கும் நல்ல படம் எடுத்துக் கொடுங்கள். ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும்போதுதான் 1953இலிருந்து 1979 வரை ஒரு கோடு ஓடுகிறது. தனித்தனியாகப் போனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையதாகிவிடும்.

விழா நாள்களில் நீங்கள் அணியலாமா என்றால், பதக்கம் பெற்றவர் மட்டுமே இடது மார்பில் அணிவார். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வழித்தோன்றல்கள் நினைவு நாள்களில் வலது மார்பில் அணியும் வழக்கம் உண்டு. அந்த முறையைப் பின்பற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூர் போகும் வாய்ப்பு அமைந்தால் பாய லேபாரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பாட்டியை அழைத்துச் செல்லுங்கள். இங்கேயே பழைய படைப்பதக்கங்களைப் பார்த்துப் பழக வேண்டுமானால், நம் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம்.

கடைசியாக, கேள்வியின் முடிவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி. சின்ன வயதில் உங்களையெல்லாம் மொட்டை மாடியில் வரிசையாக நிற்க வைத்து, தாத்தா "செடியா!" என்று உரக்கச் சொல்வார் என்றும், எந்தச் செடியைச் சொல்கிறார் என்று புரியாமல் பூந்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது மலாய்ச் சொல். சிங்கப்பூர்ப் படைகளில் அணிவகுப்புக் கட்டளைகள் இன்றும் மலாயில்தான் இடப்படுகின்றன. செடியா என்றால் குதிகால் சேர்த்து, கைகளை உடலோடு ஒட்டி, நேராக நிமிர்ந்து நில் என்று பொருள். அதற்கடுத்து அவர் "செனாங் திரி" என்று ஏதாவது சொன்னாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது இளைப்பாறி நில் என்பதற்கான கட்டளை. பாட்டிக்கு நினைவிருந்தால் அதையும் சான்றிதழின் பின்னால் வைக்கும் தாளில், விளிம்பிலிருந்து படித்த எண்ணுக்குக் கீழே, தேதியிட்டு எழுதி வையுங்கள்.